காற்று எழும்புமுன் ஒரு வீட்டுப்பாடம்

சென்ற வருடம் செப்டெம்பர் மாதத்தில் உயர்தரப் புவியியல் வகுப்பில் எங்களுக்கு ஓர் ஒப்படை தரப்பட்டது. “சூறாவளி வருகின்றது என்று நாளைக்கு அறிவித்தால் உங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள்? வீட்டாரிடம் கேட்டு எழுதி வாருங்கள்.” அவ்வளவுதான். பாடநூலைப் பார்த்து எழுத முடியாத ஒப்படை என்பதால் எங்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும் பிடிக்கவில்லை.

அன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு உம்மாவிடம் கேட்டேன். “டோர்ச் இரிக்கு, மெழுகுதிரி இரிக்கு, பிறகென்ன?” என்றார். நான் டோர்ச்சை எடுத்து அழுத்திப் பார்த்தேன். எரியவில்லை. பின்மூடியைத் திறந்தால் பட்டரி கசிந்து பச்சையாகப் பூத்துப்போய்க் கிடந்தது. தம்பி சிரித்தான். உம்மாவும் சிரித்தார். பாயில் இருந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்த உம்மம்மா மட்டும் சிரிக்கவில்லை.

“டோர்ச்சுக்குக் கடையில பட்டரி வாங்கலாம் மகள். வீட்ட விட்டு வெளிக்கிடுற எண்டா ஆர் சொல்லி வெளிக்கிடுவீங்க? அத முதல்ல எழுதுங்க” என்றார்.

அந்தக் கேள்வியின் பாரம் எனக்கு அப்போது விளங்கவில்லை. அதை விளங்கிக்கொள்ள முதலில் சூறாவளியைப் பற்றியும், பிறகு எங்கள் சொந்தக் குடும்பத்தைப் பற்றியும் நான் படிக்க வேண்டியிருந்தது. படித்ததைச் சக மாணவிகளுக்கும் பெற்றோருக்கும் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

சொல்லிவிட்டு வரும் ஆபத்து

வங்காள விரிகுடாவில் வருடத்தில் இரண்டு பருவங்களில் சூறாவளிகள் கூடுதலாகத் தோன்றுகின்றன. ஏப்ரல், மே மாதங்கள் ஒரு பருவம். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மற்றைய பருவம். இலங்கைக்குப் பெரும் சேதம் விளைவித்தவை பெரும்பாலும் இந்த இரண்டாவது பருவத்தில் வந்தவையே. வட இலங்கையைத் தாக்கிவிட்டுத் தனுஷ்கோடியை அழித்த சூறாவளி 1964 டிசம்பரில் வந்தது. மட்டக்களப்பைச் சிதைத்தது 1978 நவம்பரில். திருகோணமலைப் பக்கமாக ஒன்று 2000 டிசம்பரில் கரையேறியது. ‘புரேவி’ 2020 டிசம்பரில் வந்தது. எங்களுக்கு மழையும் விதைப்பும் கொண்டுவரும் அதே மாரி காலம்தான் சூறாவளிக் காலமும்.

சூறாவளி உருவாக முதலாவது தேவை சூடான கடல். கடல்மேற்பரப்பு நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 26.5 பாகை செல்சியசுக்கு மேல் இருக்கும்போது நீர் பெருமளவில் ஆவியாகி மேலெழுகின்றது. மேலே சென்ற நீராவி ஒடுங்கி முகிலாகும்போது தன்னிடமுள்ள மறைவெப்பத்தை வெளிவிடுகின்றது. அந்த வெப்பம் காற்றை மேலும் மேலே தூக்க, கீழே அமுக்கம் குறைகின்றது. சுற்றியுள்ள காற்று அந்த இடத்தை நோக்கி விரைகின்றது. புவி சுழல்வதால் அந்தக் காற்று நேராக வந்து சேராமல் வளைந்து சுழல்கின்றது. வட அரைக்கோளத்தில் இச்சுழற்சி மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்த்திசையில் அமையும். மத்திய கோட்டுக்கு மிக அருகில் இந்த வளைவு மிகக் குறைவு. அதனால்தான் எங்கள் நாட்டின் தெற்குக் கரையைவிட வடக்கும் கிழக்கும் கூடுதலாக அடிவாங்குகின்றன.

முதலில் ‘தாழமுக்கம்’ என்று அறிவிக்கப்படுவது, காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீற்றரை எட்டும்போது சூறாவளி என்று பெயர் பெறுகின்றது. இங்கே ஒரு கணக்கை நாம் கவனிக்க வேண்டும். காற்றின் வேகம் இருமடங்கானால் அது ஒரு சுவரின் மீது செலுத்தும் விசை இருமடங்காவதில்லை. நான்கு மடங்காகின்றது. 60 கிலோமீற்றர் காற்றில் ஆடாமல் நின்ற வேலி, 120 கிலோமீற்றர் காற்றிலும் நிற்கும் என்று எண்ணுவது தவறு.

சூறாவளி மூன்று வழிகளில் கொல்கின்றது. காற்று கூரையையும் மரத்தையும் வீழ்த்துகின்றது. கரையை நோக்கித் தள்ளப்படும் கடல் ஊருக்குள் ஏறுகின்றது. விடாத மழை வெள்ளத்தையும், மலைநாட்டில் மண்சரிவையும் உண்டாக்குகின்றது. இவற்றோடு ஓர் ஏமாற்றமும் உண்டு. சூறாவளியின் நடுப்பகுதியை ‘கண்’ என்பார்கள். அது ஓர் ஊரின் மேலாகக் கடக்கும்போது காற்று திடீரென அடங்கிவிடும். எல்லாம் முடிந்தது என்று சனங்கள் வெளியே வருவார்கள். சிறிது நேரத்தில் எதிர்த்திசையில் இருந்து அதே வேகத்தோடு காற்று மீண்டும் அடிக்கும். முதற்காற்றில் தளர்ந்து நின்ற சுவர்கள் இரண்டாவது காற்றில் விழும்.

எனினும் சூறாவளிக்கும் சுனாமிக்கும் இடையில் ஒரு பெரிய வேறுபாடு இருக்கின்றது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை, கடல் எங்களுக்கு ஒன்றும் சொல்லாமல் வந்தது. சூறாவளி அப்படி வருவதில்லை. செய்மதிப் படங்கள் அதன் பாதையைக் காட்டுகின்றன. வளிமண்டலவியல் திணைக்களம் இரண்டு மூன்று நாட்களுக்கு முன்னரே அறிவிக்கத் தொடங்கிவிடுகின்றது. அப்படியிருந்தும் ஏன் உயிர்கள் போகின்றன? இந்த இடத்தில்தான் உம்மம்மாவின் கேள்வி எனக்கு மீண்டும் நினைவுக்கு வந்தது. மறுநாள் அவரிடமே போய் இருந்தேன்.

1978 நவம்பர் 23

அன்று வியாழக்கிழமை. ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அன்றிரவு கிழக்குக் கரையைக் கடந்த சூறாவளி 900க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. இலட்சக்கணக்கானோர் வீடுவாசல் இழந்தனர். மட்டக்களப்பைச் சூழவுள்ள தென்னந்தோட்டங்களில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது. பாடசாலைகளும் பள்ளிவாசல்களும் கோயில்களும் கூரையிழந்து நின்றன. இவையெல்லாம் நான் நூல்களில் இருந்து அறிந்தவை. உம்மம்மா சொன்னது எந்த நூலிலும் இல்லை.

அப்போது அவருக்குப் பதினொரு வயது. அவருடைய வாப்பா, அதாவது என் பூட்டனார், வாவிக்கு அப்பால் படுவான்கரையில் வயல் வாடியில் இருந்தார். பெரும்போக விதைப்பு முடிந்து காவல் இருக்கும் காலம் அது. எழுவான்கரையில் இருந்த வீட்டில் என் பூட்டியும் மூன்று பிள்ளைகளும். களிமண் சுவரும் கிடுகுக் கூரையும் உள்ள வீடு. ரேடியோவில் ஏதோ காற்றென்று சொன்னதாகக் கடைத்தெருவில் ஆண்கள் கதைத்தார்களாம். அந்தக் கதை வேலிகளைத் தாண்டி வீடுகளுக்குள் வரும்போது நேரம் அஸரையும் கடந்துவிட்டது.

பக்கத்து வீட்டு மாமி வேலியடியில் வந்து நின்று கூப்பிட்டிருக்கிறார். “பள்ளிக்கூடத்தத் திறந்து உட்டிருக்காங்க. சனமெல்லாம் போகுது. புள்ளையளக் கூட்டிட்டு வாங்க.”

“மனிசன் வரட்டும் மாமி. அவர் இல்லாத நேரத்தில நான் எப்பிடி வெளிக்கிடுற?” என்றாராம் பூட்டி.

அவர் வரவில்லை. வரவும் முடியாது. வாவியில் தோணி ஓடவில்லை. மஃரிபுக்குப் பிறகு காற்று வலுத்தது. இஷா நேரத்துக்கு முன்னரே கூரை போய்விட்டது. மழை நேராகத் தலையில் கொட்ட, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நெல் மூட்டை அடுக்கியிருந்த மூலைக்குப் போயிருக்கிறார் பூட்டி. நனைந்த சுவர் அந்தப் பக்கத்தில்தான் சரிந்தது. உம்மம்மாவின் தங்கைக்கு அப்போது நான்கு வயது. அவர் காலை வரை உயிரோடு இருக்கவில்லை.

விழுந்து கிடந்த தென்னைகளின் மேலால் ஏறி இறங்கி, மறுநாள் பின்னேரம்தான் பூட்டனார் வந்து சேர்ந்தார். அவர் முதலில் சொன்ன வார்த்தையை உம்மம்மா இன்றும் மறக்கவில்லை.

“நீ பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்பாய் எண்டுதானே நான் மனசத் தேத்திக்கிட்டு இருந்தன்.”

இதைச் சொல்லிவிட்டு உம்மம்மா நெடுநேரம் பேசவில்லை. சூறாவளியைப் பற்றி எத்தனையோ தடவை அவர் எங்களுக்குக் கதை சொல்லியிருக்கிறார். பறந்துபோன தகரங்களையும், கிணற்றுக்குள் விழுந்த ஆட்டையும் பற்றிச் சொல்லியிருக்கிறார். இந்த வார்த்தையை மட்டும் அன்றுதான் சொன்னார். எங்கள் உம்மாவே அதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்.

நான் யோசித்துப் பார்த்தேன். பாதுகாப்பான கட்டடம் இருந்தது. அழைக்க ஆள் இருந்தார். நடந்து போக நேரம் இருந்தது. கணவனும் மனைவி போயிருக்க வேண்டும் என்றே விரும்பினார். “நான் இல்லாவிட்டாலும் நீ பிள்ளைகளோடு போ” என்ற ஒரு பேச்சு அவர்களுக்கிடையில் காற்றுக்கு முன்னரே நடந்திருக்கவில்லை. குறைவாக இருந்தது அது ஒன்றுதான்.

பங்களாதேஷ் கற்றுக்கொண்ட பாடம்

எங்கள் வீட்டில் நடந்தது எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததல்ல என்பதை ஒப்படைக்காகத் தேடியபோது அறிந்தேன்.

உலக வரலாற்றில் மிகக் கூடுதலான உயிர்களைப் பலிகொண்ட சூறாவளி 1970 நவம்பர் 12ஆம் திகதி, அப்போது கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த பங்களாதேஷைத் தாக்கியது. குறைந்தது மூன்று இலட்சம் பேர் இறந்தார்கள். அங்கே விரிகுடா புனல்போல ஒடுங்குகின்றது. கடலும் ஆழமற்றது. ஆகவே காற்றால் தள்ளப்படும் நீர் பரவ இடமின்றி உயர்ந்து நிலத்தில் ஏறுகின்றது. எங்கள் கிழக்குக் கரையில் கடல் விரைவில் ஆழமாகிவிடுவதால் அந்த அளவு உயரத்துக்கு நீர் ஏறுவதில்லை. ஆனால் நாம் அவர்களிடம் கற்க வேண்டியது கடலைப் பற்றியதல்ல, வீட்டைப் பற்றியது.

அந்த அழிவுக்குப் பிறகு, 1972இல் அங்கே செம்பிறைச் சங்கமும் அரசாங்கமும் சேர்ந்து சூறாவளி ஆயத்தத் திட்டம் ஒன்றைத் தொடங்கின. கிராமந்தோறும் தொண்டர்கள் தெரிவுசெய்யப்பட்டனர். ஆபத்து கூடக்கூட அவர்கள் ஏற்றும் கொடிகளின் எண்ணிக்கையும் கூடும். எழுத்தறியாதவரும் தூரத்தில் இருந்தே கொடியை எண்ணி விளங்கிக்கொள்ளலாம். ஒலிபெருக்கியோடு தெருத்தெருவாகப் போய் அறிவிப்பதும் அவர்கள் பணி.

அப்படியிருந்தும் 1991 ஏப்ரல் 29ஆம் திகதி இரவு வந்த சூறாவளியில் ஏறத்தாழ 1,38,000 பேர் இறந்தனர். பிறகு செய்யப்பட்ட ஆய்வுகள் ஓர் உண்மையை வெளிக்கொணர்ந்தன. 20 முதல் 44 வயது வரையானோரில், ஆண்களில் ஆயிரத்துக்கு 15 பேரும் பெண்களில் ஆயிரத்துக்கு 71 பேரும் இறந்திருந்தார்கள். ஒரே ஊர், ஒரே காற்று, ஒரே கடல். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

எச்சரிக்கை, ஆண்கள் கூடும் சந்தையிலும் தெருவிலும் சொல்லப்பட்டது. வீட்டுக்குள் இருந்த பெண்ணுக்கு அது பிந்தியே வந்தது, அல்லது வரவேயில்லை. வந்த பிறகும் பல பெண்கள் கணவன் வந்து சொல்லும்வரை காத்திருந்தார்கள். அன்னிய ஆண்கள் நிறைந்த புகலிடத்துக்குப் போக வெட்கப்பட்டார்கள். அங்கே பெண்களுக்கென்று அறையோ மலசலகூடமோ இருக்கவில்லை. போனவர்களும் பிள்ளைகளை இடுப்பில் சுமந்துகொண்டு, நீரில் கனக்கும் உடையோடு நடக்க வேண்டியிருந்தது. இந்த வரிகளைப் படித்தபோது என் பூட்டியின் குரலைக் கேட்பதுபோல் இருந்தது.

பங்களாதேஷ் இந்தப் பாடத்தைப் படித்தது. பெண்களும் தொண்டர்களாகச் சேர்க்கப்பட்டார்கள். பெண்ணின் வீட்டு வாசலுக்குப் பெண்ணே போய்ச் சொன்னாள். புகலிடங்களில் பெண்களுக்குத் தனியிடம் அமைக்கப்பட்டது. இன்று அத்திட்டத்தில் 76,000க்கும் மேற்பட்ட தொண்டர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள். 2020 மே மாதம் ‘அம்பான்’ வந்தபோது 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்கூட்டியே இடம்மாற்றப்பட்டார்கள். அந்நாட்டில் இறந்தோர் தொகை நூறைக்கூட எட்டவில்லை. எல்லாச் சூறாவளிகளும் ஒரே வலுவுள்ளவை அல்ல என்பது உண்மைதான். ஆயினும் இலட்சங்கள் நூறுக்குள் குறைந்ததற்குக் காற்று மட்டும் காரணமல்ல.

எங்கள் வீட்டின் ஓர் இரவு

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு. ‘புரேவி’ வருகின்றது என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். வாப்பா கட்டாரில் வேலை. வீட்டில் உம்மா, உம்மம்மா, நான், கைக்குழந்தைப் பருவம் தாண்டாத தம்பி. தாழ்ந்த பகுதியில் உள்ளவர்கள் தேவையானால் வெளியேற ஆயத்தமாக இருக்கும்படி எங்கள் ஒழுங்கையில் அறிவித்துக்கொண்டு போனார்கள். உம்மா போனை எடுத்து வாப்பாவுக்கு அழைத்தார். பதில் இல்லை. வாப்பா வேலைத்தளத்தில் இருந்தார். மீண்டும் அழைத்தார். வட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பினார். நாங்கள் எல்லோரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். வாப்பாவின் பதில் வரும்போது இரவு பதினொரு மணிக்கு மேல் ஆகிவிட்டது.

‘புரேவி’ எங்களிடம் வரவில்லை. திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறியது. எங்களுக்கு மழை மட்டும்தான். “ஒண்டும் வரல்லையே” என்று மறுநாள் எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன். உம்மம்மாவின் கதையைக் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. நாற்பத்திரண்டு வருடங்களுக்குப் பிறகும் எங்கள் வீட்டில் அதே வார்த்தைதான் இருந்தது: “அவர் சொல்லட்டும்.” வாவியில் ஓடாத தோணிக்குப் பதிலாக, எடுக்கப்படாத ஒரு போன்.

வந்த எச்சரிக்கை பலிக்கவில்லை என்றால் அது பொய் என்று நினைக்கக் கூடாது. சூறாவளி கடைசி நேரத்திலும் திசை மாறும். நாங்கள் தப்பினோம் என்பதன் பொருள், இன்னோர் ஊர் அதை வாங்கிக்கொண்டது என்பதே.

வீடு செய்ய வேண்டியவை

மாரிக்கு முன்னர் செய்ய வேண்டிய வேலைகள் உண்டு. காற்று கூரையை அமுக்குவதில்லை. தூக்குகின்றது. கூரைக்கு மேலால் விரைந்து செல்லும் காற்று அங்கே அமுக்கத்தைக் குறைக்க, கதவு சன்னல் வழியே உள்ளே புகுந்த காற்று கீழிருந்து தள்ளுகின்றது. ஆகவே கைமரங்கள் சுவரோடு இறுக்கிக் கட்டப்பட்டிருக்கின்றனவா, தகரத்தின் ஆணிகள் தளர்ந்திருக்கின்றனவா என்று ஒக்டோபருக்கு முன்னரே மேசனையோ தச்சரையோ கொண்டு பார்க்க வேண்டும். வீட்டின் மேல் சாய்ந்த கிளைகளை வெட்ட வேண்டும். தென்னையின் காய்ந்த மட்டைகளையும் முற்றிய காய்களையும் இறக்கிவிட வேண்டும். காற்று தொடங்கிய பிறகு எவரும் கூரையில் ஏறக் கூடாது.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பை ஆயத்தமாக இருக்க வேண்டும். தேசிய அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, விவாகப் பதிவு, வங்கிப் புத்தகம், பரீட்சைச் சான்றிதழ்கள் ஆகியவற்றைத் தடித்த பொலித்தீனில் சுற்றி வையுங்கள். உம்மம்மாவின் சீனி வருத்த மாத்திரைகளும் கிளினிக் கொப்பியும் பையில் வைக்க வேண்டியவை என்று எங்களுக்கு முதலில் தோன்றவேயில்லை. குழந்தை இருந்தால் பால்மா, மாற்றுடை. பெண்பிள்ளைகள் உள்ள வீட்டில் சுகாதார அணையாடைகள். இதைச் சொல்ல வெட்கப்படுவதால் தங்குமிடத்தில் நாங்களே கஷ்டப்படுகிறோம். அவல், பிஸ்கட், பேரீச்சம்பழம், சீனி போன்ற சமைக்காமல் உண்ணக்கூடியவையும் வேண்டும்.

தண்ணீருக்கு ஒரு சிறு கணக்கு. குடிக்கவும் அத்தியாவசியத் தேவைக்கும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லீற்றர் என்று வைத்துக்கொண்டால், நான்கு பேர் உள்ள எங்கள் வீட்டுக்கு மூன்று நாட்களுக்கு 48 லீற்றர் தேவை. எங்களிடம் மூடியுள்ள பாத்திரங்கள் எல்லாம் சேர்த்தும் அதில் பாதிதான் இருந்தது. உங்கள் வீட்டிலும் ஒருதடவை அளந்து பாருங்கள்.

எச்சரிக்கை கிடைத்தால் போன்களைச் சார்ஜ் செய்யுங்கள். வெளியேறும்போது மின்சாரப் பிரதான ஆளியையும் எரிவாயுச் சிலிண்டரையும் நிறுத்துங்கள். ஆடுமாடுகளை அவிழ்த்து விடுங்கள். வெளியேறச் சொன்னால் பகல் வெளிச்சத்திலேயே, மஃரிபுக்கு முன்னரே போய்விடுங்கள். வீட்டிலேயே இருப்பதானால் சன்னலில் இருந்து விலகி, உறுதியான உள்ளறையில் இருங்கள். காற்று திடீரென அடங்கினால் வெளியே ஓடாதீர்கள். எல்லாம் முடிந்த பிறகும் அறுந்து கிடக்கும் மின்கம்பிக்குக் கிட்டப் போகாதீர்கள். வெள்ளம் புகுந்த கிணற்று நீரைச் சுத்திகரிக்காமல் குடிக்காதீர்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117. அது சிறு பிள்ளைகளுக்கும் மனப்பாடமாக இருக்கட்டும்.

ஊர் செய்ய வேண்டியவை

ஒப்படையின் இரண்டாம் பகுதிக்காக நானும் தோழிகள் இருவரும் எங்கள் ஒழுங்கையில் வீடுவீடாகப் போனோம். பல வீடுகளில் ஆண்கள் வெளிநாட்டில், கடலில், அல்லது வயலில். ஒரு வீட்டில் காது கேளாத மூதாட்டி ஒருவர் தனியே இருந்தார். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் எவ்வளவு சத்தமாகச் சொன்னாலும் அவருக்குப் போய்ச் சேராது. இன்னொரு வீட்டில் ஒரு ராத்தா நிறைமாதக் கர்ப்பிணி. அவரை எந்த வாகனத்தில், எந்தப் பாதையால் கொண்டு போவது என்று ஒருவரும் யோசித்திருக்கவில்லை. நாங்கள் தங்க வேண்டிய பாடசாலை எது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதன் சாவி இரவில் யாரிடம் இருக்கும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

ஆகவே ஊர் செய்ய வேண்டியது பெரிய செலவுள்ள காரியமல்ல. ஒவ்வோர் ஒழுங்கைக்கும் தனியே நடக்க முடியாதோரின் பட்டியல் ஒன்றும், அவரவரை அழைத்துப் போகப் பொறுப்பானவரின் பெயரும் வேண்டும். சாவி வைத்திருப்பவர் இருவராவது இருக்க வேண்டும். மின்சாரம் போனாலும் இயங்கக்கூடிய ஒலிபெருக்கி வேண்டும். தங்குமிடத்தில் பெண்களுக்குத் தனி அறையும், பூட்டக்கூடிய மலசலகூடமும், அதற்குப் போகும் வழியில் வெளிச்சமும் வேண்டும். அவை இல்லாவிட்டால் பெண்கள் வரமாட்டார்கள். தாய் வராவிட்டால் பிள்ளைகளும் வரமாட்டார்கள். செய்தியை வீட்டு வாசலுக்குக் கொண்டு போகப் பெண்கள் வேண்டும். அது எங்களைப் போன்ற மாணவிகள் செய்யக்கூடிய வேலை. பள்ளிவாசல் நிருவாகத்தினரும், கிராம உத்தியோகத்தரும், பாடசாலை அதிபரும் ஒருநாள் ஒன்றாக இருந்து கதைத்தால் இவற்றில் பெரும்பகுதி முடிந்துவிடும்.

அந்தக் கேள்விக்கு விடை

கடைசியாக வாப்பாவிடம் கேட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை, அவருக்கு விடுமுறை. உம்மம்மாவின் கதையை முழுமையாகச் சொன்னேன். வாப்பா இடையில் ஒன்றும் பேசவில்லை. பிறகு உம்மாவைக் கூப்பிடச் சொன்னார்.

“என்னட்ட கேட்டுக்கிட்டு இருக்க வேணாம். காத்தெண்டு சொன்னா உம்மாவையும் புள்ளையளையும் கூட்டிட்டுப் போயிடுங்க. போய்ச் சேர்ந்த பிறகு எனக்குச் சொன்னாப் போதும்” என்றார்.

உம்மா, “ம்” என்று மட்டும் சொன்னார். ஆனால் போனை வைத்த பிறகு, அன்றே அலுமாரியைத் திறந்து காணி உறுதியைத் தேடத் தொடங்கினார். அது கிடைக்க இரண்டு நாட்கள் ஆயின.

இதை வாசிக்கும் சகோதரிகளே, இன்றிரவு உங்கள் வீட்டில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வெளியேற வேண்டி வந்தால் யார் முடிவெடுப்பது? எங்கே, எந்தப் பாதையால் போவது? எங்களோடு யாரை அழைத்துப் போவது? பெற்றோரே, பிள்ளைகள் கேட்காவிட்டாலும் நீங்களே பேச்சைத் தொடங்குங்கள். குறிப்பாக, தூரத்தில் வேலைசெய்யும் தந்தையர் தங்கள் மனைவியிடம் அந்த ஒரு வார்த்தையைக் காற்றுக்கு முன்னரே சொல்லிவிடுங்கள். அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவின் உட்புறத்தில் இப்போது ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கின்றது. பையில் உள்ளவற்றின் பட்டியல், போன் இலக்கங்கள், பாதை எல்லாம் அதில் உண்டு. மேலே முதல் வரியை உம்மம்மா சொல்ல நான் எழுதினேன்: “முடிவெடுப்பவர்: அந்நேரம் வீட்டில் இருப்பவர்.” டோர்ச்சுக்கும் புதுப் பட்டரி வாங்கியாயிற்று. உள்ளே போட்டு வைத்தால் திரும்பவும் கசிந்துவிடும், கழற்றிப் பக்கத்தில் வையுங்கள் என்று சொன்னவன் தம்பி.